அட்டை எல்லாம் ஒன்றா?

அட்டை என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்காதவர்கள் குறைவு. ஈவு இரக்கம் இல்லாமல் வட்டி வாங்குகிறவனை, "அட்டைபோல் உறிஞ்சுகிறான்" என்று திட்டுகிறோம். விடாமல் கூடவே திரிகிறவனை, "அட்டைபோல் ஒட்டிக்கொண்டான்" என்கிறோம். அட்டையைப் பிடித்து மெத்தையில் வைத்தாலும் அது செத்தையைத்தான் தேடும் என்று ஒரு பழமொழியும் உண்டு.

வாய்க்கு வாய் திட்டப் பயன்படும் இந்தப் பிராணியைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? பெரும்பாலோருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். அது இரத்தம் குடிக்கும்!

அதிலும் பாதிதான் உண்மை. நம் இரத்தத்தைத் தொடவே தொடாத அட்டைகள் ஏராளமாக இருக்கின்றன.

இதைத் தெரிந்துகொள்ளாததால் இரண்டு விதமான கெடுதல் உண்டாகிறது. ஒரு சாரார் குளத்தில் எந்த அட்டையைக் கண்டாலும், "மருந்தைக் கொட்டி ஒழிக்கவேண்டும்" என்கிறார்கள். இன்னொரு சாரார், "அட்டை கடித்தால் கெட்ட இரத்தம் போய்விடும்" என்று கேள்விப்பட்டு, கிடைத்த அட்டையைப் பிடித்து உடம்பில் விட்டுக்கொள்ளத் துணிகிறார்கள்.

இரு சாராருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். முதலில் அது எந்த அட்டை என்று கேளுங்கள். பிறகு மற்றதைப் பேசலாம்.

பெயரில் குழப்பம்

நம் மொழியில் அட்டை என்ற சொல் பல பிராணிகளுக்கு வழங்குகிறது. மழைக்காலத்தில் சுவரோரம் சுருண்டு கிடக்கும் மரவட்டைக்கு நூற்றுக்கணக்கான கால்கள். அது பூரான் கூட்டத்தைச் சேர்ந்தது. இராமேசுவரம் பக்கத்தில், "கடல் அட்டை கடத்தல், படகு பிடிபட்டது" என்று செய்தி வருகிறதே, அந்தக் கடல் அட்டை நட்சத்திர மீனுக்கு உறவு. இவை இரண்டுமே இரத்தம் குடிப்பதில்லை.

குளத்திலும் ஏரியிலும் நெல் வயலிலும் இருக்கும் நீர் அட்டை வேறு. அது மண்புழுவின் உறவினர்.

ஆம்! உழவனின் நண்பன் என்று நாம் பாராட்டும் மண்புழுவும், நாம் வெறுக்கும் அட்டையும் ஒரே பெரிய குடும்பம். இரண்டின் உடம்பும் வளையம் வளையமாக அமைந்திருக்கும். ஆகவே விஞ்ஞானிகள் இவற்றை வளையப் புழுக்கள் என்கிறார்கள்.

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. மண்புழுவின் கண்டங்களை எண்ணினால் வகைக்கு வகை மாறும். அட்டைக்கு அப்படி இல்லை. சின்னதோ பெரியதோ, எல்லா அட்டைக்கும் ஒரே கணக்குத்தான். நம் பாடப் புத்தகங்கள் 33 என்று எண்ணுகின்றன. வெளியே தெரியும் கோடுகள் அதைவிடப் பல மடங்கு. அவை ஒவ்வொரு கண்டத்தின் மேலும் விழுந்த மடிப்புகள்.

முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு ஒட்டுறுப்புகள் உண்டு. தரையில் போகும்போது முன்னால் ஒட்டி, பின்னால் இழுத்து, சாண் அளப்பதுபோல் நகரும். தண்ணீரில் நாடாவை உதறினாற்போல் வளைந்து நெளிந்து நீந்தும்.

மூன்று விதமான வாய்

உலகத்தில் இதுவரை கண்டறிந்த அட்டை வகைகள் ஏறத்தாழ 700. கொஞ்சம் கடலில் வாழ்கின்றன. கொஞ்சம் ஈரக் காடுகளில் தரைமேல் வாழ்கின்றன. மிகப் பெரும்பாலானவை ஆறு, குளம், ஏரி போன்ற நல்ல தண்ணீரில் வாழ்பவை.

இத்தனையையும் எப்படிப் பிரித்து அறிவது? வாயைப் பார்க்கவேண்டும். அட்டையின் சாப்பாடு என்ன என்பதை அதன் வாயே சொல்லிவிடும்.

முதல் வகைக்குத் தாடைகள் உண்டு. மனிதனையும் மாட்டையும் கடிக்கிற அட்டைகள் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. மூன்று தாடைகள், ஒவ்வொன்றிலும் இரம்பம்போல் நுண்ணிய பற்கள். கடித்த இடத்தில் மூன்று கீறல்கள் ஒரு புள்ளியில் கூடும். அந்தத் தழும்பைக் கண்டதுமே இது அட்டைக் கடி என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது வகைக்குத் தாடை இல்லை. ஊசிபோன்ற ஒரு குழல் உண்டு. அதை நீட்டிக் குத்தி உறிஞ்சும். நத்தை, சிறு புழு, மீன், தவளை, ஆமை ஆகியவை இவற்றின் இரை. மீன் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கூட்டத்தில் சில அட்டைகளால் தொல்லை உண்டு. மனிதனைக் குத்துவது மிகவும் அரிது.

மூன்றாவது வகைக்குத் தாடையும் கிடையாது, குழலும் கிடையாது. தண்ணீரில் உள்ள புழுவையும், பூச்சிகளின் குஞ்சுகளையும் அப்படியே விழுங்கிவிடும். இது நம்மைக் கடிக்க நினைத்தாலும் கடிக்க முடியாது!

அண்மைக் காலத்தில் மரபணுவை ஆராய்ந்து பார்க்கும் வழி வந்த பிறகு, இந்தப் பிரிவுகளை விஞ்ஞானிகள் திருத்தி எழுதி வருகிறார்கள். குழல் உள்ளவை எல்லாம் ஒரே குடும்பம் அல்ல என்பது இப்போது தெரிந்திருக்கிறது. இருந்தாலும் நம்மைப்போன்ற சாதாரண மக்களுக்கு வாயைப் பார்த்துப் பிரிக்கும் கணக்கே போதும்.

பெரியவர்களும் ஏமாந்தார்கள்

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். உயிரினங்களுக்கு முறையாகப் பெயர் வைக்கத் தொடங்கியவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். 1758-ம் ஆண்டில் அவர் ஐரோப்பாவின் குதிரை அட்டைக்கு, "இரத்தம் உறிஞ்சி" என்று பொருள்படும் லத்தீன் பெயரை வைத்தார். ஆனால் அந்த அட்டையின் பற்கள் மழுங்கியவை. குதிரையின் தோலை அதனால் அறுக்க முடியாது. அது மண்புழுவை விழுங்கி வயிற்றை நிரப்பிக்கொள்ளும்! செய்யாத குற்றத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கெட்ட பெயர் சுமந்துகொண்டிருக்கிறது.

குஞ்சுகளைச் சுமக்கும் அட்டை

அட்டையில் ஆண் வேறு, பெண் வேறு என்று கிடையாது. ஒவ்வொரு அட்டையும் இரண்டுமாக இருக்கும். ஆனாலும் முட்டை இட இரண்டு அட்டைகள் கூடவேண்டும்.

மாட்டைக் கடிக்கும் அட்டை, கரையோரத்து ஈர மண்ணில் கூடு கட்டி முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் குழல் உள்ள சில சிறு அட்டைகளைப் பாருங்கள். முட்டைகளைத் தன் வயிற்றின் அடியில் ஒட்டிவைத்துக் காக்கும். உடம்பை அசைத்து அசைத்து அவற்றுக்குப் புதுத் தண்ணீர் படும்படி செய்யும். குஞ்சுகள் பொரித்த பிறகும் கீழே விடாது. வயிற்றிலேயே தொங்கவிட்டுச் சுமந்து திரியும். இரை கிடைக்கும் இடத்துக்கு அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வகைகளும் உண்டு.

அருவருப்பு என்று ஒதுக்கும் பிராணியிடமும் பிள்ளைப் பாசம் போன்ற ஒன்று இருக்கிறது.

நம் நாட்டு மாட்டு அட்டை

நம் குளங்களிலும் வயல்களிலும் மனிதரையும் மாட்டையும் கடிக்கும் அட்டை எது? இந்தியக் கால்நடை அட்டை என்று அதற்குப் பெயர். விஞ்ஞானப் பெயர் ஹிருடினேரியா கிரானுலோசா. 1941-ம் ஆண்டில் எம். எல். பாட்டியா என்ற இந்தியப் பேராசிரியர் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். கல்லூரி மாணவர்கள் பல தலைமுறைகளாக அதைப் படித்துத் தேறினார்கள். 2019-ல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலும் இந்த அட்டை இடம்பெற்றது.

இதை அடையாளம் காண்பது எளிது. முதுகு பாசிப் பச்சை. வயிறு ஆரஞ்சு நிறம். தலையில் ஐந்து ஜோடிக் கண்கள். அந்தக் கண்களுக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். நாம் தண்ணீரில் காலை வைத்ததும் எழும் அலையையும், நம் உடம்பின் வாசனையையும் கொண்டு அது நம்மைத் தேடி வருகிறது.

கடிக்கும்போது பெரும்பாலும் வலி தெரிவதில்லை. அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் ஒரு சத்து உண்டு. அதனால்தான் அட்டை விழுந்த பிறகும் வெகு நேரம் இரத்தம் கசிகிறது. தன் எடையைப்போல் பல மடங்கு குடித்துவிட்டு, மாதக் கணக்கில் பட்டினி கிடக்கும். குடித்த இரத்தத்தை வயிற்றுக்குள் பல அறைகளில் சேமித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செரிக்கும்.

வைத்தியத்தில் அட்டை

அட்டையைக் கொண்டு வைத்தியம் செய்வது நம் நாட்டுக்குப் புதிது அல்ல. சித்த வைத்தியத்தில் 32 வகைப் புற மருத்துவம் சொல்லப்படுகிறது. அவற்றில் அட்டை விடலும் ஒன்று.

ஆயுர்வேதப் பெரியவரான சுசுருதரின் நூலில் ஒரு முழு அத்தியாயமே அட்டையைப் பற்றியது. அதில் அவர் முதலில் செய்தது என்ன? அட்டைகளைப் பன்னிரண்டாகப் பிரித்தார். ஆறு நஞ்சுள்ளவை, ஆறு நஞ்சற்றவை. நிறத்தையும் உருவத்தையும் சொல்லி, இதை விடலாம், இதை விடக்கூடாது என்று வரையறுத்தார். அவருடைய பிரிவுகள் இன்றைய விஞ்ஞானத்தோடு பொருந்தவேண்டும் என்பதில்லை. ஆனால் எந்த அட்டை என்று கேட்காமல் உடம்பில் விடாதே என்ற அவருடைய எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்தும்.

ஐரோப்பாவில் இந்த நிதானம் தப்பியது. நெப்போலியன் காலத்தில் இராணுவ டாக்டராக இருந்த புரூசே என்பவர், எந்த நோய் வந்தாலும் அட்டையை விடு என்றார். பிரான்சு நாட்டில் அது மோகமாகப் பரவியது. 1833-ம் ஆண்டில் மட்டும் அந்த நாடு வெளியிலிருந்து வாங்கிய அட்டைகள் 4 கோடிக்கு மேல்! நோயாளிகள் இரத்தம் இழந்து வாடினார்கள். ஐரோப்பாவின் குளங்களில் அட்டை அருகிப்போனது.

பிறகு காற்று மாறியது. அட்டை வைத்தியம் என்றாலே டாக்டர்கள் சிரித்தார்கள்.

ஆனால் ஆராய்ச்சி நிற்கவில்லை. 1884-ம் ஆண்டில் ஹேகிராப்ட் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி, அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத சத்து இருப்பதைக் கண்டார். அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. 1950-களில் ஜெர்மனியில் மார்க்வார்ட் என்பவர் அதைத் தூய்மையாகப் பிரித்து எடுத்தார். இன்று இருதய இரத்தக் குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சையில் பைவாலிருடின் என்ற மருந்து பயன்படுகிறதே, அது ஹிருடினைப் பார்த்துச் செய்யப்பட்டது.

1960-ல் யூகோஸ்லாவியாவைச் சேர்ந்த இரண்டு டாக்டர்கள், ஒட்டுத் தோல் சிகிச்சையில் அட்டை உதவுகிறது என்று எழுதினார்கள். 1985-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு சிறுவனின் அறுந்த காதை டாக்டர் ஜோசப் அப்டன் தைத்தார். காதுக்கு இரத்தம் போயிற்று. திரும்பி வர வழி இல்லாமல் தேங்கிக் கறுத்தது. அட்டைகளை விட்டார். தேங்கிய இரத்தத்தை அவை எடுத்தன. காது பிழைத்தது!

2004-ல் அமெரிக்க அரசே அட்டையை ஆஸ்பத்திரிகளில் பயன்படுத்த அனுமதி கொடுத்தது.

பெயர் மாறிப்போன கதை

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்குப் பெரிய சாட்சி.

அனுமதி வாங்கிய அட்டையின் பெயர் ஹிருடோ மெடிசினாலிஸ். மருத்துவ அட்டை என்று பொருள். ஆஸ்பத்திரிகளுக்கும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் இந்தப் பெயரில்தான் அட்டைகள் வந்தன. 2007-ல் விஞ்ஞானிகள் சிலர் அந்த அட்டைகளின் மரபணுவைப் பரிசோதித்தார்கள். வந்திருந்தது வேறு ஓர் அட்டை! அதன் பெயர் ஹிருடோ வெர்பானா. 1820-லேயே ஒருவர் அதைத் தனியாகப் பிரித்துப் பெயர் வைத்திருந்தார். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

எது எதுவாக இருந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். நிறைய இருக்கிறது. மருத்துவ அட்டை அழிந்துவிடக்கூடாது என்று 1987-ல் சர்வதேச வியாபார ஒப்பந்தத்தின் காவல் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். ஆனால் சந்தையில் விலைபோனது வேறு அட்டை. காவல் ஒரு வீட்டுக்கு. திருடு போனது அடுத்த வீட்டில்! அதோடு, ஓர் அட்டையின் எச்சிலைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி முடிவு, உண்மையில் இன்னோர் அட்டையின் முடிவாக இருந்தால் எவ்வளவு குழப்பம்?

படித்த டாக்டர்களே ஏமாறும்போது, குளத்தில் கையை விட்டுப் பிடித்த அட்டையை நாம் நம்பலாமா?

நீங்களே விட்டுக்கொள்ளாதீர்கள்

ஆகவே, வீட்டில் அட்டை வைத்தியம் கூடவே கூடாது. அட்டையின் வயிற்றில், இரத்தத்தைச் செரிக்க உதவும் கிருமிகள் வாழ்கின்றன. அவை அட்டைக்கு நண்பர்கள். நம் புண்ணுக்கு விரோதிகள். ஆஸ்பத்திரியில் அட்டை விடும்போது அந்தக் கிருமிகளுக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்கிறார்கள். ஒருவருக்கு விட்ட அட்டையை இன்னொருவருக்கு விடமாட்டார்கள்.

சர்க்கரை வியாதிக்காரர்கள், இரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆகியோர் மிகவும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். தேவை என்றால் முறையாகப் படித்துப் பதிவு பெற்ற வைத்தியரிடம் போங்கள்.

கடித்துவிட்டால்?

தாய்மார்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளவேண்டும். பிள்ளையின் காலில் அட்டை ஒட்டியிருந்தால் பதறிப் பிடுங்காதீர்கள். உப்பு, சுண்ணாம்பு, புகையிலை, நெருப்பு எதுவும் வேண்டாம். எரிச்சல் தாங்காமல் அட்டை தன் வயிற்றில் உள்ளதைப் புண்ணுக்குள்ளேயே கக்கிவிடக்கூடும்.

ஒல்லியாக இருக்கும் முனைதான் தலை. அதன் ஓரத்தில் விரல் நகத்தை நுழைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். பிடி விட்டுவிடும். பிறகு வால் பக்கத்தையும் அதேபோல் எடுத்துவிடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள். கொஞ்ச நேரம் இரத்தம் கசிந்தால் பயப்படவேண்டாம். நிற்காமல் போனாலோ, மறுநாள் வீங்கிச் சீழ் பிடித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

மூக்கிலோ, தொண்டையிலோ, உடம்பின் வேறு துவாரத்திலோ அட்டை புகுந்தால் வீட்டில் எதுவும் செய்யாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இமயமலை அடிவாரத்தில் ஆடு மாடுகளின் மூக்கில் புகுந்து வாரக்கணக்கில் தங்கிவிடும் அட்டை ஒன்று உண்டு. குனிந்து ஓடைத் தண்ணீர் குடித்த மனிதர்களையும் அது விட்டுவைத்ததில்லை. ஓடையிலும் குளத்திலும் வாய் வைத்துக் குடிக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது.

குளத்தில் மருந்து கொட்டலாமா?

கூடாது என்பது என் கருத்து. அட்டையை மட்டும் தேடிக் கொல்லும் மருந்து கிடையாது. கொட்டிய நஞ்சு மீனையும் தவளையையும் நத்தையையும் சேர்த்துக் கொல்லும். கொசுப் புழுவைத் தின்னும் மீன் செத்தால், பிறகு கொசு பெருகும். அட்டை எப்போதோ ஒருநாள் கடிக்கும். கொசு தினமும் கடிக்கும், காய்ச்சலையும் கொண்டுவரும். எது லாபம்?

அட்டை இருந்தால் அந்தத் தண்ணீர் சுத்தம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதுவும் சரி அல்ல. சாக்கடை கலந்த தண்ணீரிலும் தாக்குப்பிடித்துப் பெருகும் அட்டைகள் இருக்கின்றன. அங்கும் கேள்வி அதேதான்: எந்த அட்டை?

பள்ளிக்கூடங்களில் அட்டையின் படத்தை வரைந்து மதிப்பெண் வாங்கினால் போதாது. ஆசிரியர்கள் பிள்ளைகளை ஊர்க் குளத்தங்கரைக்கு அழைத்துப் போகட்டும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரை எடுத்து, அதில் நீந்துவது கடிக்கும் அட்டையா, நத்தை தின்னும் அட்டையா, குஞ்சு சுமக்கும் அட்டையா என்று காட்டட்டும். பார்த்த பிறகு அதைக் குளத்திலேயே விட்டுவிடட்டும்.

ஒருமுறை கண்ணால் கண்ட பிள்ளை வீண் பயம் கொள்ளாது. வீண் துணிச்சலும் கொள்ளாது. பெற்றோருக்கு வேறு என்ன வேண்டும்?